கூடத்திலிருந்து விடுபட்ட ஒலிக்கலவை: தனித்தியங்கும் ஒலிக்கலவைப் பொறியாளர் உருவான வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

தனித்தனியே பதிவான குரலையும் கருவியிசையையும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் உரிய அளவும் இடமும் தந்து, கேட்போரை அடையும் இறுதி வடிவத்தை உருவாக்கும் பணி ஒலிக்கலவை எனப்படுகிறது. தொழில் வழக்கில் இது 'மிக்ஸிங்'. இப்பணியைச் செய்வோரில் பெரும்பாலோர் இன்று எந்நிறுவனத்திலும் மாத ஊதியம் பெறுவோர் அல்லர். பாடலுக்கு இவ்வளவு எனக் கூலி பேசிச் செய்பவர்கள். நிறுவன ஊழியராக இருந்த பொறியாளர் தனித்தியங்கும் தொழிலராக மாறிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இலண்டன், நியூயார்க் நகரங்களின் ஒலிப்பதிவுக் கூடங்கள் முதன்மைக் களமாகவும், சென்னை ஒப்பீட்டுக் களமாகவும் கொள்ளப்பட்டுள்ளன. இம்மாற்றத்தைக் கலைஞனின் விடுதலையாக மட்டும் காண்பது போதாது. நிறுவனம் சுமந்துவந்த பயிற்சி, கருவி, இழப்பு ஆகியவற்றின் செலவு தனிமனிதர் மீது இறங்கிய வரலாறாகவும் அதனைக் காண வேண்டும் என்பது கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: ஒலிக்கலவை, ஒலிப்பதிவுக் கூடம், தனித்தொழில், உழைப்பு வரலாறு, பதிப்புரிமை.

முன்னுரை

இசை வரலாறு பாடியவரையும் இசையமைத்தவரையும் எழுதியவரையும் நினைவில் வைத்திருக்கிறது. ஒலிக்கலவை மேசையின் முன் அமர்ந்தவரை அது நினைப்பது அரிது. சமூகவியலில் அவரைத் தனி ஆய்வுப்பொருளாக்கிய முன்னோடி எழுத்துகளுள் ஒன்று, எட்வர்டு கீலி 1979இல் வெளியிட்ட கட்டுரை. ஒலிக்கலவையாளரின் பணி கைவினையிலிருந்து கலைக்கு நகர்ந்தது என்பது அதன் மையக் கருத்து. பெருநிறுவனக் கூடங்களில் தொழிற்சங்க விதிகளுக்குள் இயங்கிய கைவினை நிலை, 1950களின் சிறு கூடங்களில் தோன்றிய சிறுமுதலாளி நிலை, 1960களின் பிற்பகுதியில் ராக் இசைக்குழுக்களோடு தோள் சேர்ந்து நின்ற கலை நிலை என மூன்று நிலைகளை அவர் பகுத்துக் காட்டினார். பின்னர், சூசன் ஷ்மிட் ஹார்னிங் 2013இல் வெளியிட்ட 'சேஸிங் சவுண்ட்' என்னும் நூல், அமெரிக்க ஒலிப்பதிவுக் கூடங்களின் தொழில்நுட்பப் பண்பாட்டை விரிவாக எழுதிக் காட்டியது.

கீலியின் பகுப்பு இன்றும் பயன்படுகிறது. ஆயினும் அது கலை நிலையோடு நின்றுவிடுகிறது. ஒலிக்கலவை ஒரு தனித்தொழிலாகத் திரண்டது கீலி எழுதிய காலத்தை ஒட்டியும் அதற்குப் பின்னும்தான். கலைஞராக ஏற்கப்பட்ட பொறியாளர் அடுத்து என்ன ஆனார், யாரிடம் கூலி பெற்றார், யாரிடம் தொழில் கற்றார் என்னும் வினாக்கள் அவர் கட்டுரைக்கு வெளியே நிற்கின்றன.

ஊழியராக இருந்த பொறியாளர்

இலண்டன் செயின்ட் ஜான்ஸ் வுட் பகுதியில் ஏபி ரோடு 3 என்ற முகவரியில் இ.எம்.ஐ. நிறுவனத்தின் கூடம் 1931 நவம்பரில் திறக்கப்பட்டது. அங்கு ஒலிக்கு முழுப் பொறுப்பேற்றவர் 'பேலன்ஸ் இன்ஜினியர்' என அழைக்கப்பட்டார். பெயரே பணியை விளக்குகிறது: பாடகருக்கும் வாத்தியக் குழுவுக்கும் இடையே சமநிலை காண்பது. அப்பதவியை ஒருவர் நேரடியாக அடைய முடியாது. நாடாப் பொறியை இயக்கும் உதவியாளராகச் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் மூத்தவர் பின்னால் அமர்ந்து, இசைத்தட்டு வெட்டும் அறையில் பழகி, அதன்பின்பே மேசைக்கு வர வேண்டும். ஜெஃப் எமெரிக் 1962இல் பள்ளிப் பருவம் முடிந்த கையோடு அங்குச் சேர்ந்தவர். 1966இல் பீட்டில்ஸ் குழுவின் 'ரிவால்வர்' தொகுப்புக்குப் பொறியாளரானபோது அவருக்கு வயது 20. இவ்வளவு விரைவான உயர்வு அங்கு விதிவிலக்கு.

அக்கூடத்தில் எழுதப்பட்ட விதிகளும் எழுதப்படாத விதிகளும் நிறைந்திருந்தன. கருவிகளைப் பராமரிப்போர் வெள்ளை மேலங்கி அணிந்தனர். டிரம்முக்கு மிக அருகில் ஒலிவாங்கியை வைப்பது கருவிக்குக் கேடு எனத் தடுக்கப்பட்டிருந்தது. அதை மீறியதற்காக நிர்வாகத்தின் கண்டனத்துக்கு உள்ளானதை எமெரிக் தம் நினைவு நூலில் பதிவுசெய்துள்ளார். அட்லாண்டிக்கின் மறுகரையில் கட்டுப்பாடு வேறு வடிவம் எடுத்தது. கொலம்பியா நிறுவனக் கூடங்களில் தொழிற்சங்கப் பொறியாளரைத் தவிர, தயாரிப்பாளரோ பாடகரோ மேசையைத் தொடக் கூடாது. இன்றைய பார்வையில் இவை மூச்சுமுட்ட வைக்கும் விதிகளாகத் தோன்றலாம். ஆனால் அவ்விதிகளோடு சேர்ந்தே நிலையான ஊதியமும் முறையான பயிற்சியும் பிறர் வாங்கித் தந்த கருவியும் பொறியாளருக்குக் கிடைத்தன என்பதை மறத்தல் கூடாது.

ஊதியம் நிலையானதாக இருந்தது. பெரிதாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' (1973) தொகுப்பைப் பதிவுசெய்த ஏபி ரோடு ஊழியர் ஆலன் பார்சன்ஸ், அக்காலத்தில் தமக்கு வாரம் 35 பவுன் கிடைத்ததாகப் பின்னாளில் கூறியுள்ளார். அத்தொகுப்பு கோடிக்கணக்கில் விற்ற பின்னும் அந்தக் கணக்கு மாறவில்லை.

நிறுவனத்தை விட்டு வெளியேறுதல் பொறியாளரிடமிருந்து தொடங்கவில்லை, தயாரிப்பாளரிடமிருந்து தொடங்கியது. விற்பனையில் பங்கு தர இ.எம்.ஐ. முன்வராத நிலையில், ஜார்ஜ் மார்ட்டின் 1965இல் மூன்று சக தயாரிப்பாளர்களுடன் வெளியேறி 'ஏ.ஐ.ஆர்.' என்னும் நிறுவனத்தை அமைத்தார். பொறியாளர்களில் இவ்வழியில் முன் சென்றவர் கிளின் ஜான்ஸ். 1959இல் இலண்டன் ஐ.பி.சி. கூடத்தில் சேர்ந்த இவர், 1960களின் இடைப்பகுதி முதல் எந்தக் கூடத்துக்கும் கட்டுப்படாமல், அழைத்த குழுவுக்காக அழைத்த கூடத்தில் பணிசெய்தார். பிரிட்டனின் முதல் தனித்தியங்கும் ஒலிப்பதிவுப் பொறியாளர்களுள் ஒருவராக அவர் கருதப்படுகிறார்.

இப்புதிய நிலையின் இடரும் அவர் வாழ்விலேயே வெளிப்பட்டது. 1969 ஜனவரியில் பீட்டில்ஸ் குழு பதிவுசெய்த நாடாக்கள், 'கெட் பேக்' என்னும் தொகுப்பாக்கும் பொருட்டு ஜான்ஸிடம் ஒப்படைக்கப்பட்டன. ஓராண்டுக்குள் அவர் உருவாக்கிய வடிவங்களைக் குழு ஏற்கவில்லை. 1970 வசந்தத்தில் அதே நாடாக்கள் பில் ஸ்பெக்டரிடம் சென்று 'லெட் இட் பி' ஆக வெளிவந்தன. ஊழியரின் வேலை பிடிக்கவில்லையெனில் மறுநாள் அவர் வேறு வேலைக்கு அனுப்பப்படுவார்; தனித்தொழிலரின் வேலை பிடிக்கவில்லையெனில் நாடாவே வேறிடம் போய்விடும்.

நான்கு தடத்திலிருந்து இருபத்துநான்கு தடத்துக்கு

நாடா வேறிடம் போக முடிந்தது ஏன் என்பதே இங்கு நுணுகிக் காண வேண்டியது. ஒலிக்கலவை தனித்தொழிலாவதற்கு முன், அது ஒலிப்பதிவிலிருந்து பிரிந்து தனிச் செயலாக வேண்டியிருந்தது. அப்பிரிவை நிகழ்த்தியது நாடாவின் தட எண்ணிக்கை.

ஏபி ரோட்டில் பீட்டில்ஸ் குழு 4 தட நாடாவில் பதிவுசெய்யத் தொடங்கியது 1963 அக்டோபரில். நான்கு தடங்களும் நிறைந்துவிட்டால், அவற்றைக் கலந்து வேறொரு நாடாவின் ஒன்றிரண்டு தடங்களில் இறக்கி, மீந்த தடங்களில் புதிய ஒலிகளைச் சேர்ப்பர். 1967இல் வெளியான 'சார்ஜன்ட் பெப்பர்' இம்முறையில் உருவானதே. இதில் ஒவ்வோர் இறக்கமும் மீட்க முடியாத ஒரு முடிவு. டிரம்மும் கிதாரும் ஒரே தடத்தில் கலந்த பின், டிரம்மை மட்டும் குறைக்க எவராலும் இயலாது. எனவே கலவையின் பெரும்பகுதி பதிவின்போதே, பதிவுசெய்த பொறியாளரின் கையாலேயே முடிந்துவிடுகிறது. இத்தகைய நாடாவை வெளியாள் ஒருவரிடம் கொடுத்தால், அவர் மாற்றுவதற்கு அதில் மிஞ்சியிருப்பது குறைவு.

1960களின் இறுதியில் 8 தடமும் 16 தடமும் வந்தன. 1970களில் 2 அங்குல அகல நாடாவில் 24 தடம் பரவலாயிற்று. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தடம் கிடைத்ததால், முடிவுகளை இறுதிநாள்வரை தள்ளிவைக்க முடிந்தது. தள்ளிவைத்த முடிவுகளை எடுக்க ஒருவர் தேவைப்பட்டார். அவர் பதிவுசெய்தவராகவே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முன்னர்க் குறித்த 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' இதற்கு நல்ல சான்று. 16 தடத்தில் அதைப் பதிவுசெய்தவர் கூடத்தின் ஊழியரான பார்சன்ஸ்; கலவையை மேற்பார்வையிட வெளியிலிருந்து வரவழைக்கப்பட்டவர் கிறிஸ் தாமஸ். உறையிலும் அவ்வாறே அவர் பெயர் இடம்பெற்றது. பல மாதம் ஒரே ஒலியைக் கேட்டுச் சலித்தவர்களுக்குப் 'புதிய காது' வேண்டும் என்ற வாதம் இங்கிருந்து வலுப்பெறுகிறது. தனித்தியங்கும் ஒலிக்கலவையாளர் இன்றளவும் விற்பது அந்தப் புதிய காதைத்தான்.

காதைச் சுமந்து சென்றவர்

தாமஸ் மேற்பார்வையாளராகவே வந்தார். கலவையை மட்டுமே முழுநேரத் தொழிலாகக் கொண்ட பொறியாளருக்கு முன்மாதிரியாகச் சுட்டப்படுபவர் பாப் கிளியர்மவுன்டன். நியூயார்க்கின் மீடியா சவுண்ட் கூடத்தில் 1970களின் தொடக்கத்தில் பணிக்குச் சேர்ந்து, 1977இல் தொடங்கப்பெற்ற பவர் ஸ்டேஷன் கூடத்தின் உருவாக்கத்தில் பங்கேற்று, பின்னர்த் தனித்தொழிலராக விரிந்தவர் அவர். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'டாட்டூ யூ' (1981), புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' (1984) ஆகியவற்றின் கலவை அவருடையது. பிறர் பதிவுசெய்த நாடாவைப் பெற்று, சில நாள் கலந்து, கூலி பெற்று, அடுத்த நாடாவுக்குச் செல்லும் வாழ்க்கைமுறை இவர் தலைமுறையில் நிலைபெற்றது.

கூடம் கூடமாகச் செல்லும் ஒருவருக்கு இரண்டு இடர்கள் உண்டு. முதலாவது, ஒவ்வோர் அறையும் ஒவ்வொரு விதமாக ஒலிக்கும். நேற்றைய அறையில் கனத்துக் கேட்ட தாழ்சுரம் இன்றைய அறையில் மெலிந்து கேட்கும். இதற்கு விடையாக அமைந்தது எளிய பொருள் ஒன்று. யமஹா நிறுவனம் 1978இல் வீட்டு அலமாரியில் வைத்துக் கேட்பதற்காக வெளியிட்ட என்.எஸ்.10 என்னும் வெண்கூம்பு ஒலிபெருக்கி, வீட்டுச் சந்தையில் பெயர் பெறவில்லை. ஆனால் மேசையின் மேல் இரண்டடி தூரத்தில் வைத்துக் கேட்டால் அறையின் குறுக்கீடு குறையும். ஒலியின் குறைகளை அது மறைக்காமல் காட்டும். கிளியர்மவுன்டன் போன்றோர் வழியாக அது பரவி, 1980களில் ஒலிக்கலவை அறைகளின் பொது அடையாளமாயிற்று. அதன் உச்சச் சுர ஒலிபெருக்கி கூர்மையாகக் கேட்டதால், அதன் முன் மெல்லிய டிஷ்யூ தாளை ஒட்டும் பழக்கமும் உடன் பரவியது. எந்த நகரின் எந்தக் கூடத்துக்குப் போனாலும் அதே ஒலிபெருக்கி காத்திருக்கும் என்ற நிலை, பொறியாளரைக் கூடத்திலிருந்து விடுவித்தது. பல இலட்சம் டாலர் மதிப்புள்ள மேசைகளைவிட இச்சிறு பெட்டிக்கு இத்தொழிலின் வரலாற்றில் கூடுதல் இடம் தரலாம்.

இரண்டாவது இடர், வேலையை மீண்டும் தொடர்வது. கலவையில் நூற்றுக்கணக்கான குமிழ்களின் நிலை அடங்கும். மறுநாள் வேறொருவர் அதே மேசையில் அமர்ந்தால் அனைத்தும் கலைந்துவிடும். பிரிட்டனின் சாலிட் ஸ்டேட் லாஜிக் நிறுவனம் 1970களின் பிற்பகுதி முதல் உருவாக்கிய 4000 வரிசை மேசைகளில், கணினி ஒலியளவின் அசைவுகளை நினைவில் வைத்தது. பின்னர், குமிழ்களின் நிலைகளையும் சேமித்துத் திரையில் காட்டியது. உதவியாளர் அதைப் பார்த்து ஒவ்வொரு குமிழையும் கையால் பழைய இடத்துக்குத் திருப்ப வேண்டும். உழைப்பு மிகுந்ததாயினும், முடிந்த கலவையைத் திரும்ப எடுத்துத் திருத்தலாம் என்ற வாய்ப்பு முதன்முறையாக உறுதிப்பட்டது.

இவ்வாய்ப்பு பொறியாளருக்குச் சாதகமாக மட்டும் அமையவில்லை. திருத்தம் கடினமாக இருந்தவரை, வாடிக்கையாளர் கூடத்திலேயே கேட்டு, அங்கேயே ஒப்புதல் அளித்தாக வேண்டும். திருத்தம் எளிதானபோது ஒப்புதல் தள்ளிப்போயிற்று. கலவைக்கு முற்றுப்புள்ளி வைக்கும் உரிமை மெல்ல மேசையிலிருந்து கூலி தருபவரின் கைக்கு நகர்ந்தது.

கூடம் கரைந்த காலம்

1991இல் டிஜிடிசைன் நிறுவனம் வெளியிட்ட 'புரோ டூல்ஸ்' கணினி முறை தொடக்கத்தில் 4 தடங்களையே கையாண்டது. சற்றேறக்குறைய அதே காலத்தில் வந்த அலெசிஸ் நிறுவனத்தின் 'ஏடாட்', எஸ்-வி.எச்.எஸ். காணொளி நாடாப் பேழையில் 8 தடங்களைப் பதிந்தது. அடுத்த பத்தாண்டில் நாடாவும் மேசையும் புறக்கருவிகளும் ஒரு கணினிக்குள் அடங்கின. பெருங்கூடங்கள் தாங்க முடியாமல் மூடப்பட்டன: நியூயார்க்கின் ஹிட் ஃபேக்டரி 2005இல், இலண்டன் பார்ன்ஸ் பகுதியின் ஒலிம்பிக் 2009இல்.

இக்கட்டத்தைப் பொதுவாக 'மக்கள்மயமாதல்' என்று வருணிப்பர். அச்சொல் பாதி உண்மையையே சொல்கிறது. கருவியின் விலை வீழ்ந்ததால் பலர் தொழிலுக்குள் வந்தனர். அதுவரை கூடத்தின் வாசலைக்கூட எட்ட முடியாதவர்களும் வந்தனர். அதே வேளையில் கூலியும் வீழ்ந்தது. முன்பு நிறுவனம் சுமந்த செலவுகள், அதாவது அறையின் ஒலித்தன்மையைச் சீர்செய்தல், மென்பொருள் உரிமம், கருவிப் பழுது, கோப்புகளைப் பாதுகாத்தல் ஆகியன, கலவையாளரின் வீட்டுக் கணக்கில் ஏறின. திருத்தத்துக்கு இப்போது உதவியாளரோ குமிழ் திருப்பலோ தேவையில்லை. கோப்பைத் திறந்தால் போதும். ஆகவே திருத்தக் கோரிக்கைகள் பெருகின. இரண்டு அல்லது மூன்று திருத்தம் கூலிக்குள் அடங்கும், அதற்குமேல் தனிக்கூலி என ஒப்பந்தத்தில் எழுதும் வழக்கம் இந்நெருக்கடியின் விளைவு.

வென்றவர்களும் இவ்விதிக்கு விலக்கல்லர். கிளியர்மவுன்டன் 1990களில் கலிஃபோர்னியாவின் பசிபிக் பாலிசேட்ஸ் பகுதியில் தம் இல்லத்திலேயே கூடம் அமைத்துக்கொண்டார். 2025 ஜனவரிக் காட்டுத்தீயில் வீடும் கூடமும் மேசையும் ஒருசேர எரிந்தன. வீடு வேறு, வேலையிடம் வேறு என இருந்த காலத்தில் ஒரே தீ இரண்டையும் கொண்டுபோயிருக்காது.

இவை அனைத்தினும் பெரிய இழப்பு பயிற்சியில் நேர்ந்தது. ஏபி ரோட்டின் நாடா உதவியாளர் கற்றது குமிழ் திருப்புவதை மட்டும் அன்று. பாடகர் சோர்ந்திருக்கும்போது எப்போது பேசுவது, தயாரிப்பாளரும் குழுவும் மோதும்போது எங்கே நிற்பது என்பதையும் அவர் அங்கேயே கற்றார். தனியறையில் ஒருவரே வேலை செய்யும் முறையில் மூத்தவர் பின்னால் அமர நாற்காலி இல்லை. பாடக் காணொளிகளும் தனியார் கல்லூரிப் படிப்புகளும் அந்த இடத்தை ஓரளவு நிரப்புகின்றன. ஆனால் பயிற்சிக்காலத்தில் ஊதியம் பெற்றவர் அன்றைய மாணவர். கட்டணம் செலுத்துபவர் இன்றைய மாணவர்.

சென்னையில் வேறொரு பாதை

சென்னையின் வரலாறு இவ்வரிசையில் அப்படியே பொருந்தாது. கோடம்பாக்கத்தின் 'ரெக்கார்டிங் தியேட்டர்'களில் இசைக்கலைஞர் கால்ஷீட் கணக்கில் கூலி பெற்றனர். ஒலிப்பதிவாளரோ பெரும்பாலும் கூடத்தின் ஊழியராக இருந்தார். வாசித்தவர் தனித்தொழிலர், பதிவுசெய்தவர் ஊழியர் என்ற இந்த அமைப்பு நெடுங்காலம் நீடித்தது. ஒலிப்பதிவாளரின் பெயரைப் படத்தின் தொடக்கத்திலேயே திரையில் காட்டும் வழக்கமும் இங்கு உண்டு. 1960களின் இலண்டன் இசைத்தட்டு உறைகளில் பொறியாளர் பெயர் இடம்பெறுவது அரிதாக இருந்ததோடு இதனை ஒப்பிட வேண்டும்.

1989இல் ஏ.ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டி அமைத்த 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' ஒரு திருப்பம். கூடம் பட முதலாளியிடமிருந்து இசையமைப்பாளரிடம் வந்தது. பொறியாளரின் பிணைப்பும் அதற்கேற்ப மாறியது. ரகுமானின் பல தொகுப்புகளுக்கு ஒலிக்கலவை செய்தவரும், ஒலிப்பதிவுக்கான தேசிய விருதை நான்கு முறை பெற்றவருமான எச். ஸ்ரீதர் (இறப்பு: 2008) இக்கட்டத்தின் தலைசிறந்த ஆளுமை. நிறுவன ஊழியர், முற்றிலும் தனித்தொழிலர் என்ற இரண்டுக்கும் இடையில் 'இசையமைப்பாளரைச் சார்ந்த பொறியாளர்' என்றொரு நிலையைச் சென்னை உருவாக்கியது எனலாம். கீலியின் மூன்று நிலைகளுள் எதிலும் இது முழுமையாக அடங்குவதில்லை. தனியிசைப் பாடல்கள் இணையத்தில் பெருகிய பின்பே, யாரையும் சாராமல் கோப்புகளைப் பெற்றுக் கலந்து அனுப்பும் தொழிலர் இங்குப் பரவலாயினர்.

பெயரும் பங்கும்

கலை என ஏற்கப்பட்ட இப்பணிக்குச் சட்டம் என்ன இடம் தருகிறது? இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, ஒலிப்பதிவின் ஆசிரியராக அதன் தயாரிப்பாளரையே கொள்கிறது. தயாரிப்பாளர் என்பவர் அப்பதிவை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் ஏற்றவர். பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டமும் இதையொத்த நிலைப்பாட்டையே கொண்டுள்ளது. 2012இல் இந்தியச் சட்டம் திருத்தப்பட்டபோது, பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோரின் உரிமைத்தொகை பாதுகாக்கப்பட்டது. நிகழ்த்துநருக்குத் தார்மிக உரிமையும் அளிக்கப்பட்டது. ஒலிக்கலவையாளர் இவ்வகைகளுள் எதிலும் சேரவில்லை. நிகழ்த்துநர் யார் எனச் சட்டம் தரும் பட்டியலில் நடிகர், பாடகர், இசைக்கலைஞர் ஆகியோருடன் கழைக்கூத்தாடியும் செப்பிடுவித்தைக்காரரும் பாம்பாட்டியும் இடம்பெற்றுள்ளனர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. ஒலிப்பதிவின் மீது அச்சிட வேண்டிய விவரங்களாகச் சட்டத்தின் 52ஏ பிரிவு கூறுபவையும் மூன்றே: உருவாக்கியவரின் பெயரும் முகவரியும், உரிமையாளரின் பெயரும் முகவரியும், முதல் வெளியீட்டு ஆண்டு. கலந்தவரின் பெயர் அவற்றில் இல்லை.

அமெரிக்காவில் ஒரு சிறு திறப்பு நிகழ்ந்தது. 2018 அக்டோபரில் நிறைவேறிய இசை நவீனமயச் சட்டத்தின் ஒரு பகுதி, தயாரிப்பாளர், ஒலிக்கலவையாளர், ஒலிப்பொறியாளர் ஆகியோரை முதன்முறையாகச் சட்டத்தில் பெயர் சுட்டிக் குறித்தது. பாடகர் எழுத்து மூலம் இசைந்தால், இணைய வானொலி, செயற்கைக்கோள் வானொலி முதலியவற்றிலிருந்து வரும் தொகையில் ஒரு பங்கை இவர்கள் நேரடியாகப் பெறலாம். 1995 நவம்பர் 1க்கு முற்பட்ட பதிவுகளில், இசைவு பெற முயன்றும் பதில் கிட்டாதபோது, 2 விழுக்காடு ஒதுக்க இடமுண்டு. கேட்போர் தாமே பாடலைத் தேர்ந்து கேட்கும் சேவைகளின் வருவாய் இதில் அடங்காது. மேலும், பங்கு இன்னமும் பாடகரின் இசைவிலிருந்தே பிறக்கிறது. கலவையாளரின் உரிமையிலிருந்து பிறக்கவில்லை.

இந்தியாவில் அத்தகைய இசைவுமுறையும் இல்லாத நிலையில், தனித்தியங்கும் ஒலிக்கலவையாளரின் கையிலுள்ள பிணை ஒப்பந்தம் ஒன்றே. ஒப்பந்தமும் பெரும்பாலும் வாய்ப்பேச்சாகவோ கைப்பேசிச் செய்தியாகவோ நின்றுவிடுகிறது. எனவே தொழிலில் ஒரு நடைமுறை நிலவுகிறது: திருத்தங்களின்போது தரம் குறைந்த கோப்பை, அல்லது இடையிடையே ஓசைக்குறி செருகிய கோப்பை மட்டும் வாடிக்கையாளருக்கு அனுப்புவது, முழுத் தரமுள்ள இறுதிக் கோப்பையும் தனித்தடக் கோப்புகளையும் கூலியின் கடைசித் தவணை வந்து சேரும்வரை தம் கணினியிலேயே வைத்திருப்பது.